கிணற்றில் உப்பு: ஆய்வு முடிவு நம்மிடம் வந்துசேரும் வழி

"ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று வானொலியிலோ கூட்டத்திலோ ஒரு செய்தி சொல்லப்படும்போது, நம்மில் அநேகர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றோம். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்படியே ஏற்றுக்கொள்கின்றோம். அல்லது, வயலில் இறங்காதவர்களுக்கு என்ன தெரியும் என்று தள்ளிவிடுகின்றோம். காணியையும் கிணற்றையும் விட்டு இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு இவை இரண்டுமே நட்டத்தைத் தரலாம். திரும்பிச் சென்று முதற்போகம் செய்பவரிடம், பிழைத்துப்போனால் மீண்டும் விதைப்பதற்கு நெல்லும் இராது, காசும் இராது. ஆகவே ஓர் ஆய்வு எப்படி நடக்கின்றது, அதன் முடிவு எவ்வாறு நம்மிடம் வருகின்றது என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியமாகும். இதற்கு நமது கரையோரத்திலேயே நல்லதோர் உதாரணம் உண்டு.

கடல் புகுந்த கிணறுகள்

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஏற்பட்ட சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையாகும். கல்முனை, சாய்ந்தமருது, அட்டாளைச்சேனை என்று கரையோர ஊர்கள் யாவும் பாதிக்கப்பட்டன. வீடுகளோடு கிணறுகளும் பழுதடைந்தன. கடல்நீரும் சேறும் கிணறுகளை நிரப்பின.

உதவிக்கு வந்தவர்கள் பம்புகளைக் கொண்டு கிணறுகளை இறைத்து, குளோரின் இட்டார்கள். வெள்ளத்தில் அழுக்கடைந்த கிணற்றைச் சுத்தம் செய்வதற்கு இது வழமையான, நல்ல முறையாகும். குளோரின் நோய்க்கிருமிகளைக் கொல்லும். ஆனால் அது உப்பை அகற்றாது. தண்ணீர் உப்பாகவே இருக்கக் கண்டு, சில கிணறுகள் மீண்டும் மீண்டும் இறைக்கப்பட்டன. இங்கேதான் சிக்கல் எழுந்தது.

மணலுக்குக் கீழே நடப்பது

நமது கரையோர மணலில் இறங்கும் மழைநீர், கீழேயுள்ள உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. தண்ணீரின் மேல் எண்ணெய் நிற்பதுபோல, பாரம் குறைந்த நன்னீர் மேலே நிற்கின்றது. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்திருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கூறும் பொதுவான கணக்கு. மேலே சிறிது குறைந்தாலும் கீழே உப்புநீர் வெகுவாக மேலேறும். பம்பு வைத்துக் கிணற்றை வற்ற இறைக்கும்போது, அடியிலுள்ள உப்புநீரை நாமே மேலே இழுக்கின்றோம்.

இலங்கையைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தின் ஆய்வாளர்கள், 2005 இல் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் மூன்று இடங்களில் கிணற்று நீரின் உப்பைத் தொடர்ச்சியாக அளந்தார்கள். கடல் புகுந்த கிணறுகளையும் புகாத கிணறுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இறைத்துச் சுத்தம் செய்த கிணறுகள், செய்யாதவற்றைவிட விரைவாக நன்னீருக்குத் திரும்பியதாகக் காணப்படவில்லை. உப்பைக் கழுவிச் சென்றது பெரும்பாலும் பருவமழையே.

இதிலிருந்து கிடைக்கும் அறிவுரை எளிமையானது. சேற்றையும் குப்பையையும் அகற்றுவதற்கு வேண்டிய அளவுக்கு மாத்திரம் மெதுவாக இறைக்க வேண்டும். பின்னர் கிணற்றைச் சும்மா விட்டு, மழை தன் வேலையைச் செய்ய இடமளிக்க வேண்டும். அதுவரை குடிநீரை வேறிடத்திலிருந்து பெற்றுக்கொள்ள வேண்டும்.

இவ்வாய்வு ஆங்கிலத்தில் அறிக்கையாக வெளிவந்தது. அதை வாசிப்பவர் அதிகாரி. கிணற்றுக் கயிற்றைப் பிடிப்பவர் வீட்டுப் பெண். இவ்விருவருக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்கும்வரை ஆய்வின் பயன் முழுமையடையாது. பள்ளிவாசலின் ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லப்படும் நான்கு வசனங்கள், அச்சிட்ட நூறு பக்கங்களைவிடக் கூடுதலான கிணறுகளைக் காப்பாற்றக்கூடும்.

ஊகமும் முடிவும்

செய்தி வந்துசேராமையால் மாத்திரமன்றி, அரைகுறையாக வருவதாலும் தீங்கு ஏற்படும். வடமத்திய மாகாணத்தில் 1990 களிலிருந்து விவசாயிகளிடையே காணப்படும் சிறுநீரக நோயை இதற்கு எடுத்துக்காட்டலாம். களைநாசினியான கிளைபோசேட், கடின நீருடனும் பார உலோகங்களுடனும் சேர்ந்து இந்நோயை உண்டாக்கலாம் என்று 2014 இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அது ஆராயப்பட வேண்டிய ஒரு ஊகமாகவே முன்வைக்கப்பட்டது. ஆனால் மக்களிடம் அது முடிந்த முடிவாகப் பரவியது. 2015 இல் அக்களைநாசினி தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலை, இறப்பர் செய்கைகளுக்குத் தடை தளர்த்தப்பட்டது. நெல் விவசாயிக்கோ களையெடுக்கும் கூலி கூடியது. நோய்க்கான காரணம் இன்றும் ஐயமறத் தீர்மானிக்கப்படவில்லை. நஞ்சுகளைக் கவனமாகக் கையாள வேண்டும் என்பதில் மாற்றமில்லை. எனினும், "இருக்கலாம்" என்பது "இருக்கின்றது" என்று மாறிவிட்டால், அதற்கான விலையைக் கொடுப்பவர் விவசாயியே.

நாம் கேட்க வேண்டியவை

ஆய்வின் பேரில் எவரேனும் அறிவுரை சொன்னால், மரியாதையுடன் பின்வருவனவற்றைக் கேட்போம்:

1. இது எங்கே பரீட்சிக்கப்பட்டது? மணற்பாங்கான கரையோரக் கிணற்றுக்குரிய அறிவுரை, மேட்டுநிலக் கிணற்றுக்குப் பொருந்தாது. பல வருடங்களாகக் கைவிடப்பட்ட உள்ளூர்க் கிணற்றை நன்றாக இறைத்துத் துப்புரவாக்க வேண்டியிருக்கும்.

2. எதனோடு ஒப்பிட்டார்கள்? இறைத்த கிணற்றை மட்டும் பார்த்திருந்தால், மழையால் வந்த நன்மையைப் பம்பினால் வந்ததாக எண்ணியிருப்பார்கள்.

3. இது ஊகமா, பல தடவை சோதித்துக் கண்டதா?

4. பிழைத்தால் நட்டம் யாருக்கு? புதிய விதையையோ மருந்தையோ முதலில் வயலின் ஒரு மூலையில், ஒரு வரவைக்குள் மாத்திரம் செய்து பார்ப்பது புத்தி.

5. முடிவை எங்களிடம் வந்து சொல்வீர்களா? நமது கிணற்றிலிருந்து நீரையோ வயலிலிருந்து மண்ணையோ எடுத்துச் செல்பவர், அதன் பெறுபேற்றைத் தமிழில், விளக்கத்துடன் தர வேண்டும். இதைக் கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு. திகதியையும் எடுத்தவரின் பெயரையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயிர் பற்றிய சந்தேகங்களை விவசாயப் போதனாசிரியரிடமோ, விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்திலோ கேட்கலாம். குடிநீர் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரிக்கலாம்.

நாமும் சொல்ல வேண்டும்

ஆய்வாளர் கருவியால் அளப்பது அன்றைய உப்பை மாத்திரமே. எந்த மாதத்தில் தண்ணீர் சவர்க்கும், எந்த மழைக்குப் பின் தெளியும், அயலிலே பம்பு வைத்தபின் என்ன மாறியது என்பவை கிணற்றடியில் வாழ்ந்தவர்களுக்கே தெரியும். இவற்றைச் சொல்லத் தயங்காதீர்கள். இன்னும் முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருப்பவர்கள், தங்கள் கிணற்றையும் காணியையும் பற்றி நினைவிலுள்ளவற்றைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதிவைக்கச் செய்யுங்கள். திரும்பிச் சென்று முதல் வாளியை இறக்கும் நாளில், அக்குறிப்பு உங்களுக்கும் பயன்படும், மண்ணையும் நீரையும் சோதிக்க வருபவருக்கும் பயன்படும்.