லண்டனின் கறுப்புத் தெருக்கள்: அன்றும் இன்றும்

அன்று

கப்பல் தொழிலில் பணம் சேர்த்த சார்லஸ் பூத், 1886இல் லண்டனின் வறுமையைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளின் வருகையைக் கண்காணிக்க வீடு வீடாக ஏறி இறங்கிய பள்ளி வாரிய ஊழியர்கள் தகவல் தந்தார்கள். அதை வைத்து வரைபடத்தில் தெருத்தெருவாக வண்ணம் தீட்டினார். பெரும் பணக்காரர்களுக்கு மஞ்சள், வசதியான நடுத்தரக் குடும்பங்களுக்குச் சிவப்பு, வாரம் 18 முதல் 21 ஷில்லிங்கில் குடும்பம் நடத்தியவர்களுக்கு வெளிர்நீலம், அன்றாடங்காய்ச்சிகளுக்குக் கருநீலம். அடிமட்டத்துக்குக் கறுப்பு. அங்கிருந்தவர்களைப் பாதிக் குற்றவாளிகள் என்றே வரைபடக் குறிப்பு முத்திரை குத்தியது.

நகர மக்களில் 30.7 சதவீதம் பேர் வறுமையில் வாடுவது தெரியவந்தது. குடிப்பழக்கத்தைவிட, நிலையான வேலை இல்லாததும் கூலி போதாததுமே பெரிய காரணம் என்று பூத் கண்டார். முதியோர் ஓய்வூதியம் வேண்டுமென்று விடாமல் வலியுறுத்தினார். 1908இல் சட்டம் வந்தது.

கிழக்கு லண்டனில் கறுப்பும் கருநீலமுமாக இருந்த வட்டாரம் ஓல்ட் நிக்கல். லண்டன் கவுண்டி கவுன்சில் அதை இடித்து, 1900இல் பவுண்டரி எஸ்டேட் என்ற குடியிருப்பைத் திறந்தது. சுமார் 5,700 பேர் வெளியேற்றப்பட்டார்கள். புது வாடகை அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. திரும்பி வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். பலர் பக்கத்துத் தெருக்களில் நெருக்கியடித்துக்கொண்டார்கள்.

இன்று

பவுண்டரி எஸ்டேட்டின் செங்கல் கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. நடுவிலுள்ள ஆர்னல்ட் சர்க்கஸ் மேடு, இடித்த வீடுகளின் கல்லும் மண்ணும் கொட்டி எழுப்பியது. இப்போது அதன்மேல் மரங்கள் நிழல் தருகின்றன. அரசு வீடுகளைக் குடியிருப்போரே வாங்க அனுமதித்த 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் பல வீடுகள் தனியார் கைக்குப் போய், கொழுத்த விலைக்கு விற்கின்றன.

மேற்கே நாட்டிங் டேலும் பூத்தின் கறுப்பு வட்டாரம். சுற்றிலும் செல்வம் கொழிக்க, அங்கே 2017இல் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் மாண்டார்கள்.

பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2000இல் வெளியான ஆய்வு, பூத் காலத்து வறுமைக்கும் 1990களின் மரண விகிதங்களுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. இன்றைய அரசின் வரைபடங்கள் ஏழைகளின் ஒழுக்கத்தை எடைபோடுவதில்லை. வருமானம், வேலை, கல்வி, உடல்நலம், வீடு ஆகியவற்றில் உள்ள குறையை அளக்கின்றன. இது மெய்யான முன்னேற்றம்.

ஆனாலும் அந்த வரைபடங்கள் இடத்தைத்தான் காட்டும்; இடம் பெயர்ந்தவர்களைக் காட்டாது. ஒரு வட்டாரம் மேம்பட்டுவிட்டதாக ஓர் அரசு பெருமைப்படும்போது, முன்பு அங்கே குடியிருந்தவர்கள் இப்போது எங்கே, என்ன வாடகையில் வாழ்கிறார்கள் என்ற கணக்கையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.