துணி வீட்டுக்குப் பூட்டு உண்டா?

முகாமுக்குப் போகிறவர்களும், பிள்ளைகளை அனுப்புகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை

தாம்பரம் ரெயில் நிலையம். இரவு மணி 8.

சாரணியர் சீருடையில் ஒரு சிறுமி நிற்கிறாள். வயது 12 இருக்கும். முதுகில் பெரிய பை. கையில் தண்ணீர் பாட்டில். பள்ளித் தோழிகளுடன் முகாமுக்குப் புறப்படுகிறாள்.

வழியனுப்ப வீடே திரண்டு வந்திருக்கிறது. பாட்டி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த தங்கச் சங்கிலியை எடுக்கிறார்.

"கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது, கண்ணு. இதைப் போட்டுக்கொண்டு போ."

"வேண்டாம் பாட்டி! நாங்கள் தங்கப்போவது கூடாரத்தில். அதற்குக் கதவே கிடையாது!"

பாட்டி திகைத்துப் போகிறார். "கதவு இல்லாத இடத்திலா பிள்ளைகளைப் படுக்க வைப்பார்கள்?"

விடுமுறை வந்தால் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. பள்ளிப் பிள்ளைகள் சாரணர் முகாமுக்குப் போகிறார்கள். கல்லூரி மாணவர்கள் என்.சி.சி., என்.எஸ்.எஸ். முகாம்களுக்குப் போகிறார்கள். குடும்பத்தோடு ஏலகிரிக்கோ, ஏற்காட்டுக்கோ, கோவளம் கடற்கரைக்கோ போய்க் கூடாரத்தில் ஓர் இரவு தங்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

பாட்டி கேட்டது நியாயமான கேள்விதான். கூடாரம் என்பது துணி வீடு. ஒரு பிளேடு போதும், சுவர் கிழிந்துவிடும். அப்படியானால் அங்கே உயிருக்கும் பொருளுக்கும் காவல் எது?

பழக்கம்! நல்ல பழக்கம்தான் துணி வீட்டுக்குப் பூட்டு.

நூறு ஆண்டு அனுபவம்

1907-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிரவுன்சீ என்ற சிறு தீவில், பேடன் பவல் என்ற ராணுவ அதிகாரி சில சிறுவர்களைக் கூட்டிச் சென்று கூடாரம் அடித்துத் தங்கினார். அதுதான் சாரணர் முகாமின் தொடக்கம்.

அந்த இயக்கம் சென்னைக்கும் வந்தது. அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்களுக்காக ஒரு சாரணர் சங்கத்தைச் சென்னையில் தொடங்கினார். 1921-ல் பேடன் பவலே சென்னைக்கு வந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 நவம்பர் 7-ந் தேதி, நாட்டில் இருந்த சாரணர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்தன. பாரத சாரண, சாரணியர் இயக்கம் பிறந்தது. அதன் வைர விழாப் பெருந்திரளணி 2025-ல் திருச்சி மாவட்டம் மணப்பாறையில் நடந்தது. பல மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்து கூடாரங்களில் தங்கினார்கள்.

இத்தனை பிள்ளைகளை எப்படிப் பாதுகாக்கிறார்கள்? முறை எளியது. பிள்ளைகளைச் சிறு சிறு அணிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவர். எங்கே போனாலும் தனியாகப் போகக் கூடாது, துணையோடுதான் போக வேண்டும். காலையிலும் மாலையிலும் தலையை எண்ணுகிறார்கள்.

குடும்பமாகப் போகிறவர்களும் இந்த முறையைப் பின்பற்றலாம். செலவு ஒரு காசும் இல்லை.

வீட்டில் விட்டது திருடு போகாது

பொருளைக் காப்பாற்ற முதல் வழி, அதைக் கொண்டு போகாமல் இருப்பது!

தங்கச் சங்கிலி, விலை உயர்ந்த கைக்கடிகாரம், பட்டுத் துணி எதுவும் முகாமுக்கு வேண்டாம். பாட்டியின் சங்கிலி பாட்டியிடமே இருக்கட்டும்.

புறப்படும் முன் ஒரு தாளில் பட்டியல் எழுதுங்கள். சட்டை எத்தனை, போர்வை எத்தனை, தட்டு, டம்ளர், டார்ச் விளக்கு எல்லாவற்றையும் எழுதுங்கள். திரும்பும்போது அதே பட்டியலை வைத்து எண்ணிப் பாருங்கள். முகாமில் காணாமல் போகிற பொருள்கள் எல்லாம் திருடு போனவை அல்ல. மறந்து விட்டு வந்தவையும், அடுத்தவர் பையில் மாறிப் போனவையும் உண்டு. தட்டிலும் துணியிலும் பெயர் எழுதிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

பணத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். கொஞ்சம் சட்டைப் பையில், கொஞ்சம் பெட்டிக்குள், கொஞ்சம் துணையாக வருகிறவரிடம் இருக்கட்டும். ஒன்று போனாலும் ஊர் திரும்ப வழி இருக்கும்.

செல்போனில் நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மீண்டும் சதுரக் குறி என்று அழுத்தினால் 15 இலக்க எண் ஒன்று தெரியும். அதைக் குறித்து வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். போன் தொலைந்தால் போலீசில் புகார் கொடுக்கவும், மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' மூலம் அந்தப் போனை யாரும் பயன்படுத்த முடியாமல் முடக்கவும் அந்த எண் உதவும்.

பிள்ளையை அனுப்பும் பெற்றோர் 4 கேள்விகளைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முகாம் நடக்கும் இடம் எது? பொறுப்பாளர் யார்? அவருடைய போன் நம்பர் என்ன? பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரி எது? இதற்குப் பதில் சொல்ல முடியாத முகாமுக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

பயணத்திலும் கவனம்

வெளியூர்ப் பயணத்துக்குத் தென்சென்னைக்காரர்கள் கூடும் இடங்கள் இரண்டு. ஒன்று, தாம்பரம் ரெயில் நிலையம். மற்றொன்று, 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பஸ் முனையம்.

கூட்டமாகப் போகும்போது ஒரு தவறு நடக்கும். "அவன் பார்த்துக்கொள்வான்" என்று இவன் நினைப்பான். "இவன் பார்த்துக்கொள்வான்" என்று அவன் நினைப்பான். மூட்டையை யாருமே பார்க்க மாட்டார்கள்! அதனால் மூட்டைக்கு ஒரு காவல்காரரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். எத்தனை உருப்படி என்பதை எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது ஒரு தடவை எண்ணுங்கள். இறங்கும்போது ஒரு தடவை எண்ணுங்கள்.

கூடாரத்தை எங்கே அடிப்பது?

இந்தக் கேள்விக்குத் தாம்பரத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 1-ந் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரை, தாம்பரத்தில் 49 சென்டி மீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மக்களைப் படகுகளில் மீட்டார்கள். செங்கல் வீட்டுக்கே அந்தக் கதி என்றால் துணி வீடு எந்த மூலைக்கு?

அதனால் மேடான இடம் பாருங்கள். வறண்டு கிடக்கிறதே என்று ஆற்று மணலிலும், ஓடையிலும், ஏரியின் உள்வாயிலும் கூடாரம் அடிக்காதீர்கள். மேலே எங்கோ பெய்த மழை, இரவில் இங்கே வெள்ளமாக வரும்.

பெரிய மரத்தடியும் ஆபத்து. 2016 டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல் அடித்தபோது, வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. புயல் இல்லாவிட்டாலும் காய்ந்த கிளையும் தேங்காயும் எந்த நேரமும் விழலாம். இடி, மின்னல் என்றால் மரத்தடியிலும் நிற்காதீர்கள், கூடாரத்திலும் இருக்காதீர்கள். கட்டடத்துக்குள் போங்கள். கட்டடம் இல்லாவிட்டால் காருக்குள் கண்ணாடிகளை மூடிக்கொண்டு உட்காருங்கள்.

நீச்சல் தெரியும் என்று நம்பி அறியாத நீரில் இறங்காதீர்கள். பல்லாவரம், திருநீர்மலைப் பக்கத்துக் கல்குவாரிக் குட்டைகளில் கரை ஓரமே ஆள் ஆழம் இருக்கும். பிடித்து ஏறப் படிகள் கிடையாது. கோவளம் கடல் அழகானதுதான். ஆனால் அலையின் அடி இழுப்பு யாரையும் விடாது.

எச்சில் இலையும் பாம்பும்

சாப்பிட்ட மிச்சத்தைக் கூடாரத்துக்குப் பக்கத்தில் போடுகிறோம். அதைத் தின்ன எலி வருகிறது. எலியைப் பிடிக்கப் பாம்பு வருகிறது. ஆக, பாம்பை அழைத்தவர்கள் நாம்தான்!

கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடிப்பதுண்டு. கடித்தால் வலி அதிகம் தெரியாது. தூங்குகிறவர் எறும்பு கடித்தது என்று நினைத்துவிடுவார். பிறகு வயிறு வலிக்கும். கண் இமை தானாகத் தொங்கும். மூச்சுத் திணறும்.

இதைத் தடுக்க மலிவான வழி கொசுவலை. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட வேண்டும். கூடாரத்தின் ஜிப்பை எப்போதும் மூடி வையுங்கள். காலணியை உதறிவிட்டுப் போடுங்கள். இரவில் டார்ச் விளக்கு இல்லாமல் ஓர் அடியும் எடுத்து வைக்காதீர்கள்.

பாம்பு கடித்துவிட்டால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல், உடனே 108-க்குப் போன் செய்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மருந்து அங்கே இருக்கிறது. அந்த மருந்து தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் நம் பக்கத்து மக்கள்தான். மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கிறது. 1978-ல் ஏற்பட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய 4 பாம்புகளின் விஷத்தை எடுத்து அந்தச் சங்கம் மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறது.

குரங்கு இருக்கும் இடங்களில் தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். மூடி உள்ள டப்பாவில் போட்டுக் கட்டிவிடுங்கள். குரங்கு பறித்துவிட்டால் போகட்டும். திரும்பப் பிடுங்கப் போய்க் கடி வாங்க வேண்டாம்.

தீயோடு விளையாட்டு வேண்டாம்

2018 மார்ச் 11-ந் தேதியைத் தமிழ்நாடு மறக்காது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். பல வீடுகளின் விளக்கு அன்று அணைந்தது.

அதன் பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 மலைப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டிகளோடு போகும் ஏற்பாட்டையும் செய்தது. காட்டுக்குள் போக வேண்டும் என்றால் வனத்துறையின் அனுமதியோடு போங்கள். அனுமதி இல்லாமல் கூட்டிப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

முகாமில் அடுப்பைக் கூடாரத்துக்குத் தள்ளி, காற்று கூடாரத்தின் பக்கம் வீசாத திசையில் வையுங்கள். சமையல் முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பல் குளிர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

குளிருக்காகக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் வைத்துத் தூங்கக் கூடவே கூடாது. கரியிலிருந்து ஒரு நச்சு வாயு வரும். அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

இரவுக் காவல்

கூடாரத்தின் ஜிப்பில் சிறு பூட்டுப் போடுகிறவர்கள் உண்டு. அது, "உள்ளே விலை உயர்ந்த பொருள் இருக்கிறது" என்று திருடனுக்குச் சொல்வது போல ஆகிவிடும். அவன் பூட்டைத் தொடவே மாட்டான். துணியைக் கிழிப்பான்.

பணமும் போனும் உங்கள் உடம்போடு இருக்கட்டும். அல்லது முகாம் பொறுப்பாளரின் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். பைகளைத் துணிச் சுவரை ஒட்டி வைக்காமல், நடுவில் வைத்துச் சுற்றிப் படுங்கள். ஒரு விளக்கு இரவு முழுவதும் எரியட்டும். பெரியவர்கள் இரண்டு இரண்டு பேராக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறிக் காவல் இருங்கள். பக்கத்துக் கூடாரத்தாரிடம் நாலு வார்த்தை பேசிப் பழகி வையுங்கள். உங்களை அறிந்தவர்தான் உங்கள் கூடாரத்தில் அந்நியர் நுழைந்தால், "யார் நீ?" என்று கேட்பார்.

அப்படியும் திருடன் வந்துவிட்டால்? சத்தம் போடுங்கள். விளக்கைப் போடுங்கள். ஆனால் இருட்டில் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். அவன் கையில் என்ன இருக்கிறதோ! 112-க்குப் போன் செய்யுங்கள். பையை மறுபடியும் வாங்கலாம். உயிரை எந்தக் கடையில் வாங்குவது?

வெள்ளமோ தீயோ வந்தாலும் அப்படித்தான். முதலில் பிள்ளைகள். பிறகு வயதானவர்கள். பைக்காக யாரும் திரும்பி ஓடக் கூடாது. இதை முகாமின் முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும்.

எண்ணிக்கை சரி!

ஐந்து நாள் கழிந்தது. அதே தாம்பரம் ரெயில் நிலையம். சிறுமி இறங்குகிறாள். முகம் வெயிலில் கறுத்திருக்கிறது. கால் முழுவதும் செம்மண்.

பாட்டி ஓடிப் போய்க் கட்டிக்கொள்கிறார். "எல்லாம் பத்திரமா, கண்ணு?"

சிறுமி பட்டியலை எடுத்துப் படிக்கிறாள். "சட்டை நாலு. போர்வை ஒன்று. தட்டு ஒன்று. டம்ளர் ஒன்று. எண்ணிக்கை சரி, பாட்டி!"

"கதவு இல்லாத இடத்தில் பயமாக இல்லையா?"

"தினமும் இரவு டீச்சர் எங்களை எண்ணுவார். நாங்கள் பைகளை எண்ணுவோம். பிறகுதான் தூக்கம். ஏன் பயம்?"

பாட்டி பேத்தியின் வெறும் கழுத்தைத் தடவிப் பார்க்கிறார். சங்கிலி பத்திரமாக வீட்டில் இருக்கிறது. பேத்தியும் பத்திரமாக வந்துவிட்டாள்.