சாதாவா, பிரீமியமா? சொகுசு காரின் மைலேஜ் கணக்கு!

"சார், சாதாவா, பிரீமியமா?"

திண்டுக்கல் பைபாஸில் உள்ள பங்க் ஒன்றில் ஜெர்மன் செடான் கார் நுழைந்தால், பெட்ரோல் போடும் தம்பி முதலில் கேட்கிற கேள்வி இதுதான். ஸ்கூட்டியில் வருபவரிடம் அவர் இவ்வளவு அக்கறையாகக் கேட்பதில்லை. 'இவ்வளவு பெரிய வண்டியை வைத்துக்கொண்டு லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய்க்கு யோசிப்பதா?' என்ற கூச்சத்திலேயே பலர், "பிரீமியமே போடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள்.

அந்தக் காசு எங்கே போகிறது? மைலேஜாகத் திரும்பி வருகிறதா?

இது பணக்காரர்களின் கவலை மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. எட்டு, பத்து வருடம் ஓடிய பென்ஸோ, பிஎம்டபிள்யூவோ இன்று ஒரு புது ஹேட்ச்பேக் விலைக்கே கிடைக்கிறது. கடை வைத்திருப்பவர், கமிஷன் மண்டிக்காரர், ஓய்வுபெற்ற அதிகாரி என்று நடுத்தரக் குடும்பங்களும் ஆசைப்பட்டு வாங்குகின்றன. வாங்குவது சுலபம். மாதாமாதம் டேங்கை நிரப்பும்போதுதான் கை நடுங்குகிறது. அதுவும் இப்போது பங்க்கில் வருவது பழைய பெட்ரோல் இல்லை.

பொறுமை வேறு, பலம் வேறு

2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் பிரதமர் இ20 பெட்ரோலைத் தொடங்கி வைத்தார். 80 பங்கு பெட்ரோல், 20 பங்கு எத்தனால். 2030-க்குள் எட்டுவதாக இருந்த இலக்கு, 2025-லேயே எட்டப்பட்டுவிட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேண்டும் என்று தொடரப்பட்ட வழக்கை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆக, சாதாரண பங்க்கில் சாதாரணமாகக் கிடைப்பது இதுதான்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. எத்தனாலில் சுமார் 21 மட்டுமே. இருபது சதவிகிதம் கலந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 30 என்று ஆகிறது. அதாவது கலப்பில்லாத பெட்ரோலைவிட 7 சதவிகிதம் குறைவு. இதற்கு முன் இருந்த 10 சதவிகிதக் கலப்போடு ஒப்பிட்டால் 3 முதல் 4 சதவிகிதம் குறைவு. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும், கலப்பில்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவிகிதக் கலப்புக்கு டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவிகிதம் மைலேஜ் குறையும் என்றுதான் சொன்னது. இ20-க்காகவே டியூன் செய்த கார்களில் இழப்பு 1 முதல் 2 சதவிகிதம். 'பாதி மைலேஜ் போச்சு' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை இந்தக் கணக்கு ஏற்காது. 'ஒன்றுமே குறையாது' என்பதையும் ஏற்காது.

இங்கேதான் ஆக்டேன் குழப்பம் வருகிறது. 95, 100 என்று எண் ஏற ஏற பெட்ரோலுக்குப் பலம் கூடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆக்டேன் எண் சொல்வது பெட்ரோலின் பொறுமையை. சிலிண்டருக்குள் அழுத்தும்போது, ஸ்பார்க் வரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதற்கான அளவு அது. டர்போ இன்ஜின் காற்றைத் திணித்து அழுத்துகிறது. பொறுமை இல்லாத பெட்ரோல் அங்கே முன்கூட்டியே வெடித்து 'டக் டக்' என்று தட்டும். இன்றைய கார்களில் இதைக் கேட்பதற்கென்றே ஒரு சென்சார் இருக்கிறது. அது உடனே ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி இன்ஜினைக் காப்பாற்றிவிடும். அதற்கு விலையாக இழுவையும் மைலேஜும் கொஞ்சம் குறையும்.

அதனால்தான் ஜெர்மன் செடான்கள் பலவற்றில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் 95 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். சாதா பெட்ரோல் 91 ஆக்டேனாக இருந்த காலத்தில், டர்போ கார்க்காரர் பிரீமியம் போட்டதில் நியாயம் இருந்தது. எத்தனாலுக்கு ஆற்றல் குறைவு என்றாலும் பொறுமை மிக அதிகம். 20 சதவிகிதம் கலந்த பிறகு சாதா பெட்ரோலின் ஆக்டேனே சுமார் 95-க்கு வந்துவிட்டதாகப் பெட்ரோலிய அமைச்சகம் சொல்கிறது. ஆகவே, ஸ்டிக்கரில் 95 என்று இருந்தால், ஆக்டேனுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்கும் அவசியம் முன்புபோல இல்லை. பிரீமியத்தில் மிச்சம் இருப்பது இன்ஜெக்டர்களைச் சுத்தமாக வைக்கச் சேர்க்கும் ரசாயனங்கள். அவற்றுக்குப் பயன் உண்டு. ஆனால், பிரீமியத்திலும் பெரும்பாலும் எத்தனால் இருக்கிறது என்பதால் இழந்த ஆற்றலை அது திருப்பித் தராது. ஸ்டிக்கரில் 98 என்று இருந்தால் கதை வேறு. கம்பெனியின் கையேடு சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

காசுக் கணக்கைப் பார்ப்போம். மாதம் 1,000 கி.மீ. ஓட்டம், லிட்டருக்கு 11.5 கி.மீ. மைலேஜ் என்றால் சுமார் 87 லிட்டர். முன்பு 12 கொடுத்த வண்டி என்றால் எத்தனாலால் கூடுதலாகக் குடிப்பது மூன்றரை லிட்டர், அதாவது 350 ரூபாய் சொச்சம். பிரீமியத்துக்கு லிட்டருக்கு 8 ரூபாய் கூட என்றால் மாதச் செலவு சுமார் 700 ரூபாய் ஏறும். அந்த 700-ஐ மீட்க மைலேஜ் 8 சதவிகிதம் கூட வேண்டும்.

மதுரை இறக்கமும் ஆடிக் காற்றும்

திண்டுக்கல் ஆட்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. இந்த ஊரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் மைலேஜ் வேறு வேறாகக் காட்டும்.

திண்டுக்கல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 265 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதுரை அதைவிட ஏறக்குறைய 130 மீட்டர் தாழ்வு. கண்ணுக்கே தெரியாத இறக்கம். ஆட்களோடு இரண்டு டன் எடையுள்ள காரை அந்த 130 மீட்டருக்குத் தூக்க மட்டும் கால் லிட்டருக்குச் சற்று அதிகமான பெட்ரோல் ஆகிறது. அறுபது சொச்சம் கி.மீ. பயணத்தில் நான்கைந்து லிட்டர் செலவாகும் காருக்கு இது 5, 6 சதவிகிதம். எத்தனால் தின்கிற அளவு வித்தியாசத்தை இந்தச் சாலையின் சரிவே காட்டிவிடும்! போகும்போது சாதா, வரும்போது பிரீமியம் போட்டுப் பார்த்துவிட்டு, "பிரீமியம் சரியில்லப்பா" என்று தீர்ப்புச் சொன்னால் அது மேட்டின் குற்றம்.

கொடைக்கானல் போகிறவர்கள் பாடு இன்னும் பெரிது. வத்தலக்குண்டு பக்கத்துச் சமவெளியிலிருந்து மேலே போக 1,800 மீட்டர் ஏற வேண்டும். அந்த ஏற்றத்துக்கு மட்டும் தனியாக மூன்றரை, நான்கு லிட்டர் போய்விடும். இறங்கும்போது முழுதாகத் திரும்பி வராது. பிரேக்கில் சூடாகிக் கரைந்துவிடும்.

ஆடி மாதம் பழனிச் சாலையில் மேற்கே ஓட்டியவர்களுக்கு எதிர்க்காற்று தெரியும். 80-ல் போகும் காருக்கு 20 கி.மீ. எதிர்க்காற்று வீசினால், காற்றைப் பொறுத்தவரை கார் 100-ல் போவதாகத்தான் அர்த்தம். நான்குவழிச் சாலையில் 80-க்குப் பதில் 110-ல் பறந்தால் காற்றின் தடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. எந்தப் பெட்ரோலைப் போட்டாலும் இதை ஈடுகட்ட முடியாது.

கம்பெனி சொல்லும் மைலேஜ் ஏன் வருவதில்லை என்பதற்கும் பதில் இதில் இருக்கிறது. அந்த எண், பரிசோதனைக் கூடத்தில் உருளைகள் மேல் காரை நிறுத்தி சுமார் 20 நிமிடம் ஓட்டி எடுப்பது. அதிகபட்ச வேகம் 90. ஏ.சி. கிடையாது. சித்திரை வெயிலில் நாகல் நகர் நெரிசலில் நிற்கும் காருக்கும் அந்த எண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

டீசலா, ஹைபிரிட்டா?

2022-ல் வந்த பென்ஸ் சி-கிளாஸில் பெட்ரோல் சி200-க்குக் கம்பெனி சொன்னது லிட்டருக்கு 16.9 கி.மீ.; டீசல் சி220டி-க்கு 23. மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் கி.மீ. நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கு டீசல் இன்றும் லாபம். ஆனால், வீடு, பள்ளிக்கூடம், கடை என்று ஊருக்குள்ளேயே மூன்று, நான்கு கி.மீ. ஓடும் வண்டி என்றால் வேண்டாம். டீசல் காரின் புகைபோக்கியில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. நீண்ட தூரம் சூடாக ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். இல்லையென்றால் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். சொகுசு காரில் அந்த விளக்கை அணைக்கும் செலவு, பல மாத டீசல் மிச்சத்தை ஒரே நாளில் விழுங்கிவிடும்.

ஊருக்குள் ஓட்டத்துக்கு ஹைபிரிட் ஜெயிக்கிறது. டொயோட்டா கேம்ரிக்குச் சொல்லப்படும் 25.49 அப்படியே வராது என்றாலும், நெரிசலில் பேட்டரி கைகொடுக்கும். சீரான வேகத்தில் ஓடும் நான்குவழிச் சாலையில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும்.

நிற்கிற காருக்குத்தான் ஆபத்து

2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பழைய பெட்ரோல் சொகுசு கார்களின் விஷயத்தில்தான் உண்மையான கவனம் தேவை. அவற்றில் பலவற்றின் ரப்பர் ஹோஸ், கேஸ்கெட்டுகள் 20 சதவிகித எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. சில பழைய வண்டிகளில் 20,000, 30,000 கி.மீ. ஓடிய பிறகு ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று அமைச்சகமே சொல்லியிருக்கிறது. பெரிய செலவில்லை என்றும் சொல்கிறது. சின்ன காருக்கு அது சரி. இறக்குமதிப் பாகம் போடும் காருக்கு முன்கூட்டியே விலை விசாரித்துவிடுவது நல்லது.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுத்துவிட்டு, ஐப்பசி மழையில் மாதக்கணக்கில் கால் டேங்கோடு நிறுத்திவைக்கும் காரில் தண்ணீர் சேர வாய்ப்பு அதிகம். டேங்கைக் காலியாக வைக்காமல், வாரம் ஒருமுறை வத்தலக்குண்டு வரையாவது ஓட்டிவிட்டு வருவது இன்ஜினுக்கு நல்லது.

உங்கள் காரின் உண்மையான மைலேஜ் தெரிய வேண்டுமா? டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். காலையில் டயர் காற்றைச் சரிபார்த்து, ஒரே பங்க்கில் ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்புங்கள். ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். போக வர இரண்டு பக்கமும் ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி ஆட்டோ கட்வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை, போட்ட லிட்டரால் வகுத்தால் அதுதான் மைலேஜ். மூன்று டேங்க் சாதா, அதே பாதையில் மூன்று டேங்க் பிரீமியம். 8 சதவிகிதம் கூடியிருந்தால் பிரீமியம் கட்டுபடியாகிறது. கூடவில்லையா? அடுத்த முறை அந்தத் தம்பி கேட்கும்போது, ஸ்டிக்கரில் 95 இருக்கும் பட்சத்தில், "சாதாவே போடுப்பா" என்று கூச்சப்படாமல் சொல்லலாம்.