பழைய பெட்டிக்கு எந்த மோடம்?

மச்சில் கிடந்த 486 கம்ப்யூட்டரை இறக்கித் துடைத்து ஓடவும் வைத்துவிட்டீர்கள். அதற்கு மோடம் தேடிப் போனால், '56கே' என்று அச்சிட்ட உள் கார்டைத்தான் கடைக்காரர் முதலில் நீட்டுவார். வாங்காதீர்கள்.

தொலைபேசிக் கம்பி மனுசன் பேசுவதற்கென்று இழுத்தது. 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் அதில் போகும். கம்ப்யூட்டரின் பூஜ்யம், ஒன்றுகளை அந்த ஒலிக்குள் ஏற்றி இறக்குவது மோடம். 1995 ஆகஸ்ட் 15-ல் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இணையத்தைத் திறந்துவிட்டபோது சென்னை போன்ற பெருநகரங்களுக்குத்தான் அந்த யோகம். வேகம் நொடிக்கு 9,600 பிட். திருநெல்வேலிக்காரர் வெளியூர் அழைப்பான எஸ்டிடி போட வேண்டியிருந்தது. உள்ளூர்க் கட்டணத்தில் 172233 என்ற இணைய எண்ணைச் சுழற்றும் காலம் பிறகுதான் வந்தது.

டாஸில் எம்எஸ்டி என்று தட்டி, வெளி மோடம் மாட்டும் சீரியல் போர்ட்டின் சில்லு எது என்று பாருங்கள். 8250 என்று காட்டினால் அது ஒரு நேரத்தில் ஒரு பைட்டைத்தான் பிடித்து வைக்கும். பிராசசர் எடுப்பதற்குள் அடுத்தது வந்தால் முந்தையது போச்சு. மடையைத் திறந்துவிட்டுச் செம்பில் பிடிக்கிற கதை! அதற்கு 14,400 பிட் மோடமே போதும். 16550 என்றால் 16 பைட் தாங்கும். 33,600 வரை தாராளமாகப் போகலாம். அதற்கு மேல் ஆசை வேண்டாம். 1997-ல் வந்த 56கே வேகத்துக்கு எதிர்முனை டிஜிட்டலாக எக்ஸ்சேஞ்சோடு இணைந்திருக்க வேண்டும். பாளையங்கோட்டை வீட்டிலிருந்து அம்பாசமுத்திரம் வீட்டு மோடத்தை அழைத்தால், பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும் உச்சம் 33,600தான்.

பிந்தைய உள் கார்டுகள் பலவும் தங்கள் வேலையை விண்டோஸ் டிரைவர் வழியாகப் பிராசசர் தலையில் கட்டுபவை. 486 அதைத் தாங்காது. சீரியல் கேபிளில் மாட்டும் வெளி மோடம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். முகப்பில் 'ஓஹெச்' விளக்கு எரிந்தால் லைனை எடுத்துவிட்டது. 'சிடி' எரிந்தால் எதிர்முனை கிடைத்துவிட்டது. பழையது வாங்கினால் அடாப்டரையும் கேட்டு வாங்குங்கள். சில மோடங்களுக்கு ஏசி தரும் அடாப்டர்தான் சேரும்.

இன்னொன்று, இடி. ஐப்பசியில் பொதிகைப் பக்கம் முழங்கத் தொடங்கினால் மின்னல் தொலைபேசிக் கம்பி வழியாகவும் வீட்டுக்குள் வரும். வெளி மோடம் என்றால் பெரும்பாலும் அதோடு போகும். உள் கார்டு மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். வானம் கறுத்தால் பிளக்கோடு தொலைபேசி வயரையும் உருவிவிடுங்கள்.

கண்ணாடி இழையில் வரும் தொலைபேசியில் மோடம் இணைப்பு சரியாக நிற்பதில்லை. உங்கள் வீட்டில் செம்புக் கம்பி லைன் இன்னும் உயிரோடு இருந்தால், அவசரப்பட்டுத் துண்டிக்கச் சொல்லாதீர்கள்.