தோற்றால் பரிசு: கூடைப்பந்தில் ஒரு நிகழ்தகவுக் கணக்கு

பள்ளிக்கு மட்டம் போட நினைத்த ஒரு மாணவன், வெப்பமானியைச் சுடுநீரில் முக்கி எடுத்து "அம்மா, காய்ச்சல்" என்று காட்டிய கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். (சிலர் செய்தும் இருப்பீர்கள். யார் யார் என்று நான் கேட்கப் போவதில்லை.) அந்த வெப்பமானியில் கோளாறு எதுவும் இல்லை. அளக்கப்படுபவனே அளவை மாற்றிவிட்டான், அவ்வளவுதான். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்பிஏ சுமார் 40 ஆண்டுகளாகப் போராடி வருவதும் இதே சிக்கலோடுதான்.

என்பிஏவில் 30 அணிகள் உள்ளன. ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்கள் ஆடும். பருவம் முடிந்ததும் புதிதாக வரும் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். பலவீனமான அணிகளுக்கு இதில் முன்னுரிமை உண்டு. நோக்கம் நல்லதுதான். உயிரியல் பாடத்தில் எதிர்மறைப் பின்னூட்டம் படித்திருப்பீர்கள்: உடல் வெப்பம் ஏறினால் வியர்க்கிறது, இறங்கினால் நடுங்குகிறது, இப்படி உடல் நடுநிலைக்குத் திரும்புகிறது. டிராஃப்ட்டும் அப்படித்தான். கீழே விழுந்த அணிக்கு நல்ல ஆட்டக்காரர் கிடைத்தால் அது மேலே வரும்.

ஆனால் தோல் பொய் சொல்லாது, அணிகள் சொல்லும். அதிகம் தோற்றால் சிறந்த இளைஞன் கிடைப்பான் என்றால், சில அணிகள் தோற்பதையே ஒரு திட்டமாக்கிக்கொள்கின்றன. இதை ஆங்கிலத்தில் டேங்கிங் என்கிறார்கள். நாம் 'திட்டமிட்ட தோல்வி' என்று சொல்லலாம்.

1984 வரை, இரு பிரிவுகளிலும் கடைசியாக வந்த அணிகளுக்கிடையே நாணயம் சுண்டி முதல் தேர்வு யாருக்கு என்று முடிவு செய்தார்கள். அந்த ஆண்டு ஹூஸ்டன் ராக்கெட்ஸ் வேண்டுமென்றே தோற்றதாகப் பேச்சு எழுந்தது. நாணயமும் அவர்கள் பக்கமே விழுந்தது, ஹக்கீம் ஒலாஜுவான் கிடைத்தார். அடுத்த ஆண்டே என்பிஏ குலுக்கலுக்கு மாறியது. ஏழு அணிகள், ஏழு உறைகள், எல்லாருக்கும் சம வாய்ப்பு. தோற்கும் ஆசை இதனால் குறைந்தது. ஆனால் பின்னூட்டமும் உடைந்தது. மிக மோசமாக ஆடியிருந்த அணிகளில் ஒன்றான கோல்டன் ஸ்டேட் முதல் குலுக்கலிலேயே ஏழாவது இடத்துக்குப் போனது.

1990இல் எடையிட்ட குலுக்கல் வந்தது. 11 அணிகளில் கடைசி அணிக்கு 66இல் 11 வாய்ப்பு, அதற்கு மேலுள்ள அணிக்கு 10, இப்படியே இறங்கி முதல் அணிக்கு 1. (1 முதல் 11 வரை கூட்டிப் பாருங்கள், 66 வரும்.) 1993இல் 41 வெற்றி, 41 தோல்வி பெற்ற ஆர்லாண்டோ மேஜிக், 66இல் 1 என்ற வாய்ப்போடு குலுக்கலை வென்றது! எல்லாரும் கூச்சலிட, அடுத்த ஆண்டு மீண்டும் விதி மாற்றம்.

அப்போது வந்த முறை இதுதான். 1 முதல் 14 வரை எண்ணிட்ட பிங்-பாங் பந்துகளில் நான்கை எடுக்கிறார்கள். வந்த வரிசை முக்கியமில்லை. எத்தனை சேர்வுகள் சாத்தியம்?

(14 × 13 × 12 × 11) ÷ (4 × 3 × 2 × 1) = 24,024 ÷ 24 = 1,001

ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதி 1,000 சேர்வுகளை அணிகளுக்குப் பங்கிட்டார்கள். கடைசி அணிக்கு 250, அதாவது 25 விழுக்காடு. கடைசியிலிருந்து மூன்றாவது அணிக்கு 15.6 விழுக்காடு. மூன்றாவதாக இருப்பதை விடக் கடைசியாக இருப்பதற்கு 9.4 விழுக்காடு கூடுதல் பரிசு.

அந்தப் பரிசுக்கு ஆசைப்பட்டதாகப் பெயர் வாங்கிய அணி பிலடெல்பியா 76ers. 2013இல் அதன் நிர்வாகப் பொறுப்புக்கு வந்த சாம் ஹிங்கி, கையிலிருந்த நல்ல ஆட்டக்காரர்களை விற்று, எதிர்காலத் தேர்வு உரிமைகளை வாங்கிக் குவித்தார். தொடர்ந்து மூன்று பருவங்களில் அணி பெற்ற வெற்றிகள் 19, 18, 10. அதாவது 246 ஆட்டங்களில் 47 வெற்றி, 199 தோல்வி. இவ்வளவு தோற்றும் முதல் இரு பருவங்களில் அவர்களை விட மோசமான அணிகள் இருந்தன என்பதுதான் வேடிக்கை. மூன்றாவது பருவம் முடியும் முன்பே ஹிங்கி விலகினார். ஜோயல் எம்பீட், பென் சிம்மன்ஸ் போன்றோர் இதனால் கிடைத்தார்கள். எம்பீட் 2023இல் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். கிண்ணம் மட்டும் வரவில்லை.

ஹிங்கி எந்த விதியையும் மீறவில்லை. அவருடைய ஆட்டக்காரர்களும் வேண்டுமென்றே பந்தை விடவில்லை. அவர்களில் பலருக்கு அது என்பிஏவில் கால் பதிக்கக் கிடைத்த ஒரே வாய்ப்பு, உயிரைக் கொடுத்து ஆடினார்கள். வெல்ல முடியாத அணியை அமைத்தது மேலே இருந்தவர்கள். அப்படியானால் தவறு எங்கே?

என் வகுப்பில் படிவம் 4 மாணவி ஒருவர் இதற்கு ஒரு சோதனை சொன்னார். அவர் பள்ளி அணியில் ஆடுபவர். "ஆட முடிந்தவங்க எல்லாரும் இன்னிக்கு ஆடுறாங்களா சார்? பயிற்றுநர் ஜெயிக்கணும்னு நினைக்கிறாரா? இந்த ரெண்டுக்கும் ஆமான்னா, தோற்றாலும் பரவாயில்லை." இதைவிடத் தெளிவான கோட்டை நான் எங்கும் படித்ததில்லை. இளைஞர்களை இறக்கி, அவர்கள் தவறு செய்து கற்கும்போது தோற்பது மறுகட்டமைப்பு. ஆடக்கூடியவரை உட்கார வைத்துத் தோற்பது வேறு. அன்று காசு கொடுத்துச் சீட்டு வாங்கி அரங்கில் உட்கார்ந்தவர் பார்ப்பது போட்டியே அல்ல.

இந்தச் சோதனையில் தெளிவாகத் தோற்பது 2023இல் டாலஸ் மேவரிக்ஸ் செய்தது. முதல் பத்து இடங்களுக்குள் வராவிட்டால் அவர்களின் தேர்வு உரிமை நியூயார்க் நிக்ஸுக்குப் போய்விடும். பிளே-இன் சுற்றுக்கு வாய்ப்பு இன்னும் இருந்தும், சிகாகோவுக்கு எதிரான ஆட்டத்தில் கைரி இர்விங் உட்படப் பலரை உட்கார வைத்தார்கள். லூகா டொன்சிச் சிறிது நேரம்தான் ஆடினார். தோற்றார்கள். என்பிஏ 7,50,000 டாலர் அபராதம் விதித்தது. ஆனால் பத்தாவது தேர்வு கைக்கு வந்தது. அதைப் பரிமாறி டெரெக் லைவ்லியைப் பெற்றார்கள், மறு ஆண்டே இறுதிச் சுற்றில் ஆடினார்கள். அபராதம் அவர்களுக்கு மலிவான விலை. இது எனக்கு எரிச்சலூட்டுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

2019இல் என்பிஏ வாய்ப்புகளைத் தட்டையாக்கியிருந்தது. கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 140 சேர்வுகள், அதாவது 14 விழுக்காடு. மூன்றாவதிலிருந்து கடைசிக்கு விழுந்தால் முதல் தேர்வுக்கான வாய்ப்பு இம்மியும் கூடாது. கடைசி அணி ஐந்தாவது இடத்துக்குக் கீழே போகாது என்ற சிறு பாதுகாப்பு மட்டும் உண்டு. ஒரு கணக்கு: தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கடைசியாக வந்தும் முதல் தேர்வு ஒருமுறைகூடக் கிடைக்காமல் போகும் நிகழ்தகவு 0.86 × 0.86 × 0.86 = 0.636. ஏறத்தாழ 64 விழுக்காடு!

டெட்ராய்ட் பிஸ்டன்ஸைக் கேட்டால் இதைச் சொல்லும். 2023இல் கடைசி இடம். அந்த ஆண்டு எல்லாரும் விரும்பியவர் பிரான்சின் விக்டர் வெம்பன்யாமா. அவர் சான் அன்டோனியோவுக்குப் போக, டெட்ராய்ட்டுக்குக் கிடைத்தது ஐந்தாவது தேர்வு. அடுத்த பருவம் 14 வெற்றி, 68 தோல்வி, அதில் தொடர்ச்சியாக 28 தோல்விகள். மீண்டும் ஐந்தாவது தேர்வுதான். பிறகு அவர்கள் பயிற்றுநரை மாற்றினார்கள், டோபையஸ் ஹாரிஸ் போன்ற அனுபவசாலிகளை இளைஞர்களுக்குத் துணையாகக் கொண்டுவந்தார்கள். அடுத்த பருவத்தில் 44 வெற்றி. குலுக்கல் தராததை ஒழுங்கான அணியமைப்பு தந்தது.

2025 குலுக்கலில் 1.8 விழுக்காடு வாய்ப்பு மட்டுமே இருந்த ஓர் அணிக்கு முதல் தேர்வும் கூப்பர் ஃபிளாக்கும் கிடைத்தனர். எந்த அணி? அதே டாலஸ். இம்முறை அவர்கள் பிளே-இன் வரை முயன்று ஆடித் தோற்றிருந்தார்கள். நிகழ்தகவுக்கு நினைவாற்றல் கிடையாது. யாரையும் தண்டிக்காது, யாருக்கும் நன்றி சொல்லாது.

ஆசையை முழுவதுமாக அகற்ற வழியே இல்லையா? உண்டு. 2013இல் பாஸ்டன் செல்டிக்ஸின் நிர்வாகி மைக் ஸாரன் ஒரு சக்கரத்தை முன்மொழிந்தார். 30 ஆண்டுகளில் ஒவ்வோர் அணிக்கும் 1 முதல் 30 வரை எல்லா இடமும் ஒருமுறை வரும். தோற்பதால் ஒரு பயனும் இல்லை. ஆனால் உண்மையிலேயே நொடிந்த அணிக்கு அந்த ஆண்டு 30ஆவது இடம் விழுந்தால்? பொய்க் காய்ச்சலைத் தடுக்க வெப்பமானியையே தூக்கி எறிந்தது போல. என்பிஏ அதை ஏற்கவில்லை.

இப்போது உங்கள் முறை. 14 அணிகள், 1,000 சேர்வுகள். பலவீனமான அணிக்கு உதவ வேண்டும், ஆனால் ஓர் ஆட்டம் கூடுதலாகத் தோற்பதால் பெரிய இலாபம் வரக்கூடாது. தாளை எடுத்துப் பங்கிட்டுப் பாருங்கள். கூட்டுத்தொகை 1,000 வருகிறதா என்று சரிபார்த்த பிறகு, அந்தப் பட்டியலில் 4ஆவது கடைசி அணியின் நிர்வாகியாக உங்களை நினைத்துக்கொண்டு, பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு யாரை இறக்குவீர்கள் என்று யோசியுங்கள்.