அப்பாவின் சாகா ஏன் கொதித்தது?

ஒரு சனிக்கிழமை மாலை. ஜொகூர் பாரு கண்ணாடிக் கோயிலுக்குப் புறப்பட்டோம். முன்னால் அப்பாவும் நானும், பின்னால் அம்மாவும் என் ஆறு வயது மகளும். கார், அப்பா 1987-ல் வாங்கிய புரோட்டோன் சாகா.

தெப்ராவ் சாலையில் வழக்கமான நெரிசல். கால் மணி நேரம் ஊர்ந்திருப்போம். வெப்பம் காட்டும் முள் பாதியைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டே போனது. போனட்டின் ஓரத்திலிருந்து வெள்ளை ஆவி கிளம்பியது. சட்டென்று ஓரமாக நிறுத்தினோம். நான் போனட்டைத் தூக்கினேன். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன்.

"கைய எடுடா!"

அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. என் மகள் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

அந்த மூடி நம் வீட்டு குக்கர் மூடி மாதிரி. உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். அத்தனையும் ஆவியோடு சேர்ந்து முகத்தில் பாயும். கையில் சுற்றிய துணி அதைத் தடுக்காது.

ஸ்கிரெப்புக்குப் போடுங்கள் என்றார்கள்

இந்தத் தொல்லை எங்களுக்குப் புதிதல்ல. அதற்கு முன்பே இரண்டு பட்டறைகள் ஏறி இறங்கியிருந்தோம். முதல் பட்டறையில் ரேடியேட்டரைப் புதிதாக மாற்றினார்கள். இரண்டாவதில் வாட்டர் பம்ப்பை மாற்றியதோடு, "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை" என்று தெர்மோஸ்டாட்டையும் கழற்றிப் போட்டார்கள். அப்படியும் சூடு நிற்கவில்லை. "இனி இன்ஜின் ஹெட்டை இறக்கித்தான் பார்க்கணும். அந்தக் காசுக்குப் பேசாம ஸ்கிரெப்புக்குப் போட்டுடுங்க" என்றார் அங்கிருந்த ஃபோர்மேன்.

அப்பா பதில் சொல்லவில்லை. நான் பிறந்தபோது மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தது அந்தக் காரில்தான். என் அக்கா கல்யாணமாகிப் புறப்பட்டதும் அதில்தான்.

நம்மில் பல குடும்பங்களுக்கு சாகாவோடு இப்படி ஒரு கதை இருக்கும். 1985 ஜூலை 9-ஆம் தேதி அறிமுகமான மலேசியாவின் முதல் தேசியக் கார் அது. மிட்சுபிஷி லேன்சர் ஃபியோரேயை அடிப்படையாகக் கொண்டது; இன்ஜினும் மிட்சுபிஷியுடையதுதான். தயாரான முதல் கார் இன்று கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் வீட்டு சாகாவோ இன்னும் சாலையில் ஓட வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி

அப்பாவின் நண்பர் ஒருவர் சொல்லி, மாசாயில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனோம். அங்கிருந்த வயதான ஃபோர்மேன் உடனே ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை. ஒன்றைத்தான் கேட்டார்:

"எப்பண்ணே சூடாகுது? ஓடும்போதா, நிக்கும்போதா?"

அப்பா யோசித்துவிட்டு, "ஹைவேயில போனா ஒண்ணும் ஆகல. ஜாம்ல நின்னாத்தான்" என்றார்.

"அப்ப இன்ஜின்ல கை வைக்க வேணாம். முதல்ல காத்தாடியப் பாப்போம்."

காரணம் எளிமையானது. இன்ஜினில் எரியும் பெட்ரோலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. மீதியில் பெரும்பகுதி வெப்பம். அதில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியாக வெளியேறும். இன்னொரு பகுதியைத் தண்ணீர் ரேடியேட்டருக்குக் கொண்டுவர, காற்று எடுத்துச் செல்ல வேண்டும். ஓடும் காருக்கு எதிர்க்காற்று தானாகக் கிடைக்கும். நிற்கும் காருக்குக் காற்றாடியை விட்டால் வேறு வழியில்லை.

காரை நின்ற இடத்திலேயே ஓட விட்டார். முள் ஏறியது, காற்றாடி சுற்றவில்லை. ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. தண்ணீர் குறிப்பிட்ட சூட்டை எட்டியதும் காற்றாடிக்கு மின்சாரம் கொடுப்பது அதன் வேலை. அதன் இணைப்பைக் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்தார். காற்றாடி சீறிக்கொண்டு சுற்றியது.

காற்றாடி நன்றாகத்தான் இருந்தது. செத்துப்போனது சுவிட்ச். முதல் பட்டறையில் ரேடியேட்டரைப் புதிதாக மாற்றியவர்கள், பழைய சுவிட்சையே எடுத்து அதில் பொருத்தியிருந்தார்கள். புதிய சுவிட்சுக்கு 60 வெள்ளிகூட ஆகவில்லை.

சூடு எங்கே, கோளாறு அங்கே

அன்று அவர் சொல்லிக் கொடுத்தது எந்தப் பழைய காருக்கும் பொருந்தும்.

நெரிசலில் மட்டும் சூடானால் காற்றாடி, அதன் சுவிட்ச், ஃபியூஸ், வயர் ஆகியவற்றைப் பாருங்கள். அந்தக் காலத்து டட்சன் போன்ற பின்சக்கர இயக்கக் கார்களில் காற்றாடியை இன்ஜினே சுழற்றும். அவற்றில் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஹைவேயில் வேகமாகப் போகும்போது சூடானால் தண்ணீர் ஓட்டத்தில் கோளாறு இருக்கலாம். ரேடியேட்டர் குழாய்கள் துருவால் அடைத்திருக்கலாம். தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம். வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம்.

எங்கே ஓட்டினாலும் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் கசிவைத் தேடுங்கள். வெளியே ஒரு சொட்டுகூட இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் முழுதாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். குமிழிகள் நிற்காமல் வந்தாலோ, ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலோ அதுவாக இருக்கலாம்.

இதை அலட்சியம் செய்யக் கூடாது. சாகா இன்ஜினின் அடிப்பகுதி வார்ப்பிரும்பு, மேலே ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஓரிரு முறை கொதிக்க விட்டாலே ஹெட் வளைந்துவிடலாம். 60 வெள்ளியில் முடிய வேண்டிய கோளாறு பெரிய செலவில் போய் முடிவது அப்படித்தான்.

இரண்டு தவறான வைத்தியங்கள்

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவது முதலாவது. அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் அதிகமாகும். அது கெட்டுவிட்டதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். கழற்றி, ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். அதில் அச்சிட்டிருக்கும் டிகிரியை ஒட்டி அது திறக்க வேண்டும். எங்கள் காருக்கு அந்த ஃபோர்மேன் புதியதொன்றைப் போட்டுக் கொடுத்தார்.

இரண்டாவது, வெறும் குழாய்த் தண்ணீர். "நம் ஊரில் பனியா விழுகிறது, கூலன்ட் எதற்கு?" என்பார்கள். கூலன்ட் பனிக்கு மட்டுமல்ல. துருப் பிடிக்காமல் காப்பதும் அதுதான். இரும்பு இன்ஜினில் வருடக்கணக்காகக் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அந்தத் துரு ரேடியேட்டரில் போய்த்தான் அடைக்கும்.

வழியில் கொதித்தால்

மாச்சாப்பையோ யோங் பெங்கையோ தாண்டும்போது முள் ஏறினால், "அடுத்த நிறுத்தம் வரை போய்விடலாம்" என்று நினைக்காதீர்கள். ஏர்கோனை அடைத்துவிட்டு, அவசரத் தடத்தில் நிறுத்தி, இன்ஜினையும் அடையுங்கள். பிள்ளைகளைத் தடுப்புக்கு அப்பால் பத்திரமாக நிற்க வையுங்கள். குறைந்தது அரை மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள். சூடான இன்ஜின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடலாம். நன்றாக ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். ஹீட்டரைப் போட்டால் இன்ஜின் சூடு குறையும் என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் எழுதியிருக்கும். நம் ஊரின் பல பழைய கார்களில் ஹீட்டரே கிடையாது.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமை காலையிலும், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, அப்பா போனட்டைத் திறக்கிறார். தண்ணீர், பெல்ட், ஹோஸ் என்று ஐந்து நிமிட வேலை. பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பது என் மகள். போன வாரம் அவளே என்னிடம் சொன்னாள்: "சூடா இருந்தா மூடியத் தொடக் கூடாதுப்பா. தாத்தா சொன்னாங்க."

கண்ணாடிக் கோயிலுக்கும் போய் வந்துவிட்டோம். அன்றும் தெப்ராவில் நெரிசல்தான். முள் பாதிக்கு வந்தது, காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது, முள் இறங்கியது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.