இந்தியர் என்று சொல்லிவிடு

1950களின் கடைசி வருடங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரை ஒட்டிய மேனிங் என்ற குடியிருப்பு. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் ஒரு சிறுமியிடம், நீங்கள் எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று விடாமல் கேட்கிறார்கள். அவளுக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்கிறாள். இந்தியர் என்று சொல்லிவிடு என்கிறாள் அம்மா. மறுநாள் அவள் போய் அப்படியே சொல்கிறாள். கேட்ட பிள்ளைகளுக்கும் அது போதுமானதாக இருக்கிறது.

அந்தச் சிறுமியின் பெயர் சாலி மோர்கன். தான் இந்தியப் பெண் அல்ல, ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண் என்பது அவருக்குத் தெரிந்தபோது வயது ஏறக்குறைய பதினைந்து. 1987இல் அவர் எழுதிய ‘மை பிளேஸ்’ என்ற தன்வரலாறு இந்த மறைப்பின் கதைதான். படித்தபோது அந்தப் பொய்யிடம் வந்து நான் நின்றுவிட்டேன். உலகத்தின் இன்னொரு மூலையில் ஒரு பாட்டியும் அம்மாவும் நம்முடைய பெயரைக் குடையாக விரித்துப் பிள்ளைகளின் தலைக்கு மேல் பிடித்திருக்கிறார்கள். வெள்ளையர் அல்லாதாருக்குக் கதவை அடைத்துவைத்திருந்த அந்த நாட்டில் அன்று இந்தியனுக்கும் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் இந்தியப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போக அங்கே தனிச் சட்டமோ தனி இலாகாவோ இல்லை. பூர்வகுடிப் பிள்ளைக்கு இருந்தது.

அந்தச் சட்டத்தைத் தெரிந்துகொண்டால்தான் அந்த அம்மாவின் பதில் புரியும். 1905இல் மேற்கு ஆஸ்திரேலியா இயற்றிய சட்டம், பூர்வகுடிப் பிள்ளைகளுக்கும் கலப்பினப் பிள்ளைகளுக்கும் பதினாறு வயது வரை சட்டப்படியான காப்பாளர் ‘தலைமைப் பாதுகாவலர்’ என்ற அரசு அதிகாரியே என்றது. 1936இல் அந்த வயது இருபத்தொன்றானது. பெற்றவள் கண்ணெதிரே உயிரோடு இருந்தாலும் பிள்ளை அரசாங்கத்துடையது. பூர்வகுடிகள் கல்யாணம் செய்துகொள்ளவும் அதிகாரியின் சம்மதம் வேண்டும். 1927 முதல் 1954 வரை அனுமதிச் சீட்டு இல்லாமல் பெர்த் நகரத்துக்குள் அவர்கள் கால் வைக்கக் கூடாது. சாலி பிறந்தது 1951இல். அவருடைய பாட்டியின் சனங்களுக்கு அந்த நகரம் அப்போதும் தடைசெய்யப்பட்ட இடமாகவே இருந்தது.

1915 முதல் கால் நூற்றாண்டு அந்த இலாகாவை நடத்தியவர் ஏ.ஓ. நெவில். 1947இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு புகைப்படம் இருக்கிறது. பாட்டி, மகள், பேரன் என மூன்று தலைமுறை வரிசையாக நிற்கிறது. பாட்டி அரை இரத்தம், மகள் கால், பேரன் அரைக்கால். தலைமுறைக்குத் தலைமுறை நிறம் வெளுத்துக்கொண்டே போய், பேரனிடம் பூர்வகுடியின் தடயமே கண்ணுக்குத் தெரியாது என்பதைக் காட்டத்தான் அந்தப் படம். 1937இல் கான்பராவில் கூடிய மாநாடும் கலப்பினத்தாரை வெள்ளையரோடு கரைத்துவிடுவதே வழி என்று தீர்மானம் போட்டிருந்தது. ஒரு குடும்பத்தை நிற்கவைத்துப் படம் பிடித்து, உங்கள் வம்சம் இப்படித்தான் தீரும் என்று அச்சிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பேரன் அதைப் பிற்காலத்தில் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பான் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

சாலியின் பாட்டி டெய்சி கொருன்னா, வடக்கே பில்பராவில் உள்ள ஒரு கால்நடைப் பண்ணையில் பிறந்தவர். படிக்கவைக்கிறோம் என்று சொல்லித் தன்னைத் தாயிடமிருந்து பெர்த்துக்கு அழைத்துவந்ததாகவும், வந்தபின் வீட்டுவேலைதான் கிடைத்ததாகவும் பேத்தியிடம் சொல்லியிருக்கிறார். எழுதப் படிக்க அவர் கடைசிவரை கற்கவில்லை. அவருடைய மகள் கிளாடிஸ், சாலியின் அம்மா, சின்னக் குழந்தையாக இருக்கும்போதே விடுதியில் சேர்க்கப்பட்டார். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட ஒருத்தி, தன் மகளையும் பிரியவேண்டி வந்தது. மூன்றாம் தலைமுறைக்கு அது நடக்கக் கூடாது என்று இருவரும் வாய்க்குப் பூட்டுப் போட்டார்கள். கதவைத் தட்டுகிற எந்த அதிகாரியும் பிள்ளைகளுக்காக வந்தவராக இருக்கலாம்.

பூட்டை இன்னும் இறுக்குவதற்கும் ஒரு சட்டம் வந்தது. பூர்வகுடிகளுக்குக் குடியுரிமைச் சான்றிதழ் கொடுக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவின் 1944ஆம் ஆண்டுச் சட்டம் அது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் போன்ற மிக நெருங்கிய உறவைத் தவிர மற்ற சனத்தோடு ஒட்டும் உறவும் இல்லாமல் இரண்டு வருடம் வாழ்ந்தேன் என்று விண்ணப்பத்தில் உறுதி சொல்ல வேண்டும். சித்தப்பா மகனோடு பேசிக்கொண்டிருந்தால் குடியுரிமை கிடைக்காது. கிடைத்ததையும் திரும்பப் பறிக்கலாம். ‘நாய் லைசென்ஸ்’ என்றுதான் சனங்கள் அதைச் சொன்னார்கள். 1971 வரை அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது.

மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. நாட்டின் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடிகளைச் சேர்க்காதே என்ற அரசியலமைப்பு விதி, 1967இல் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆதரித்து வாக்களித்த பிறகு நீங்கியது. பிரிக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய விசாரணை அறிக்கை 1997இல் வெளிவந்தது. 1910 முதல் 1970 வரை பத்தில் ஒரு பிள்ளையிலிருந்து மூன்றில் ஒரு பிள்ளை வரை பிரிக்கப்பட்டிருக்கலாம் என்றது அது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

இன்று இரண்டு பூர்வகுடியினர் முதன்முதலாகச் சந்தித்தால் வழக்கமாகக் கேட்டுக்கொள்வது, உங்கள் சனம் யார், எந்த மண் என்றுதான். சாலியின் அம்மா எந்தக் கேள்விக்குப் பயந்து பொய் சொல்லிக்கொடுத்தாரோ, கிட்டத்தட்ட அதே கேள்வி இன்று உறவு தேடும் முகமன். 1971 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 1,16,000 ஆக இருந்த பூர்வகுடி எண்ணிக்கை 2021இல் 8,12,728. கடைசி ஐந்து வருடங்களில் மட்டும் கால்பங்கு கூடியது. பிறப்பு மட்டும் இதற்குக் காரணம் அல்ல. முன்பு சொல்லாமல் இருந்தவர்கள் இப்போது சொல்கிறார்கள். சாலியின் தங்கை ஹெலன் மில்ராய், ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளில் மருத்துவரான முதல் ஆள். குழந்தைகளின் மனநலம் பார்க்கும் மருத்துவர் அவர். இந்தக் குடும்பத்திலிருந்து அப்படி ஒருவர் வந்தது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

சொல்ல முடிந்தவர்கள் போக, வழியே அறுந்துபோனவர்கள் இருக்கிறார்கள். சின்ன வயதில் பிரிக்கப்பட்டு, பெயர் மாற்றப்பட்டு, வெள்ளைக் குடும்பங்களில் வளர்ந்தவர்கள். இவர்களை உறவோடு சேர்க்க 1980இல் நியூ சவுத் வேல்ஸில் ‘லிங்க்-அப்’ என்ற அமைப்பு தொடங்கியது. தேடிப் போகிறவர்களுக்குப் பல நேரம் கிடைப்பது, தங்களைக் கண்காணித்த அதே இலாகாவின் கோப்புகள். 1938, 39இல் மானிடவியலாளர் நார்மன் டிண்டேல் ஊர் ஊராகப் போய், முன்பக்கமும் பக்கவாட்டும் படம் பிடித்து, யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதிவைத்தார். இன அளவீட்டுக்காக எடுத்த படங்கள் அவை. இன்று பேரப்பிள்ளைகள் அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்டு வாங்கும்போது, கொள்ளுத்தாத்தாவின் முகத்தை முதன்முறையாகப் பார்க்க உதவுவதும் அவைதான்.

நன்மை நடந்திருக்கிறது, ஐயமில்லை. ஆனால் இரத்தத்தை அளக்கும் பழக்கம் போகவில்லை, திசைதான் மாறியிருக்கிறது. அன்று ஒரு துளி இருந்தாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகப் போதும். இன்று அதே துளி, நான் பூர்வகுடி என்று சொல்வதற்குப் போதாது என்கிறார்கள். சாலி கல்லூரியில் படிக்கும்போது பூர்வகுடி மாணவருக்கான உதவித்தொகை பெற்றார். பொய் சொல்லி வாங்குகிறார் என்று புகார் போனது. அவர் அதிகாரிகள் முன்னால் போய் நிற்க வேண்டி வந்தது. வெளுப்பான தோலுள்ள பூர்வகுடியினர் சலுகைக்காகவே அந்த அடையாளத்தைத் தேர்ந்துகொள்கிறார்கள் என்ற தொனியில் ஆண்ட்ரூ போல்ட் என்ற பத்திரிகையாளர் 2009இல் எழுதியதும் அதன் தொடர்ச்சிதான். ஒன்பது பேர் அவர்மேல் வழக்கு நடத்தினார்கள். 2011இல் ஃபெடரல் நீதிமன்றம், அது இனப்பாகுபாட்டுச் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது.

நிறம் தெரிகிறவர்களுக்கு வேறு அடி. ஆடம் குட்ஸ் ஆஸ்திரேலியக் கால்பந்தின் பெரிய ஆட்டக்காரர். அவருடைய தாய் பிரிக்கப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். 2013இல் கூட்டத்திலிருந்து ஒருவர் தன்னைக் குரங்கு என்று அழைத்ததை அவர் சும்மா விடவில்லை. 2014இல் அவருக்கு ‘ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர்’ விருது கிடைத்தது. 2015இல் மைதானம் மைதானமாக அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் ஊளையிட்டார்கள். அந்த வருடத்தோடு அவர் ஆட்டத்தை விட்டார். கால்பந்து அமைப்பின் மன்னிப்பு 2019இல்தான் வந்தது.

நீ எத்தனை பங்கு பூர்வகுடி என்று கேட்பவர்களுக்கு அந்த மக்களிடம் பழகிய பதில் ஒன்று உண்டு: டீயில் எவ்வளவு பால் ஊற்றினாலும் அது டீதான். அவர்களைப் பொறுத்தவரை அளவு கணக்கே இல்லை. வம்சத்தில் வந்திருக்க வேண்டும், தானே அப்படி உணர வேண்டும், சனம் நம்மவர் என்று ஏற்க வேண்டும். நீதிமன்றங்களும் இந்த மூன்றையே பார்த்துவருகின்றன. உறவுதான் அடையாளம் என்பது நம் ஊர்க்காரர் யாருக்கும் விளக்காமலே புரியும்.

டெய்சி பாட்டியின் பயத்தைப் பழங்கதை என்று தள்ளவும் முடியாது. இன்றும் ஆஸ்திரேலியாவில் அரசு பொறுப்பெடுத்துப் பெற்றோரிடமிருந்து விலக்கி வளர்க்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் பூர்வகுடிப் பிள்ளைகள். மேற்கு ஆஸ்திரேலியாவில் பாதிக்கும் மேல். இன்றைய காரணங்கள் வேறு, சட்டம் வேறு, நல்ல எண்ணத்தோடு வேலை செய்கிறவர்களும் அதில் இருக்கிறார்கள். ஆனால் அதிகாரி வாசலில் வந்து நிற்கும்போது ஒரு பாட்டியின் வயிறு கலங்குவதற்கு இன்னும் காரணம் இருக்கிறது.

டெய்சி எல்லாவற்றையும் பேத்தியிடம் சொல்லவில்லை. கேட்கக் கேட்க மறுத்து, கடைசியில் கொஞ்சம் சொன்னார். சில விஷயங்களைத் தன்னோடே வைத்துக்கொண்டு 1983இல் இறந்தார். புத்தகம் வெளிவந்தது அதற்கு நான்கு வருடம் கழித்து. நெவிலின் படம் மூன்றாம் தலைமுறையோடு முடிந்துவிடுகிறது. டெய்சியின் வீட்டில் மூன்றாம் தலைமுறைதான் வாயைத் திறந்தது. சாலியின் மகள் ஆம்பெலின் குவேமுல்லினா, நான்காம் தலைமுறை, சட்ட அறிஞர், நாவலாசிரியர். அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது எழுதுவது: பில்பராவின் பாலிகு சனத்தைச் சேர்ந்தவர்.